பாதி மாத்திரை

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பெயர் பிரேக்கு அக்கா. கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பாள். அவள் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. லாரியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள், இடதுபக்கம் திருப்பச் சொன்னால் இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறவர்கள், வளைவில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கடவுளைக் கூப்பிடுகிறவர்கள் என்று எல்லா ரகமும் அவளிடம் வந்து போயாயிற்று. "கடவுள் கிட்ட லைசென்ஸ் இருக்கா? இல்லல்ல? அப்ப நீங்களே திருப்புங்க" என்பாள். வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அவளிடம் கற்றவர்கள் பெரும்பாலும் முதல் தேர்விலேயே தேறிவிடுவார்கள் என்பதால் முதலாளி அந்த வாயைச் சகித்துக்கொண்டார்.

அவள் வாய் அடங்கிப் போகிற இடம் ஒன்றே ஒன்றுதான். பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவைக்கூடத்தை ஒட்டி இருந்த எச்.ஐ.வி. சிகிச்சைப் பிரிவு.

கல்யாணமான புதிதில் குடல்வால் அறுவைக்காகச் சேர்ந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில் அவளுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. நர்ஸ் அதை வராந்தாவில் வைத்து, அடுத்த கட்டிலில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். புருஷன் அலுமினிய ஜன்னல் பொருத்தும் வேலை செய்கிறவன். "நீயும் டெஸ்ட் எடுத்துக்கப்பா" என்று டாக்டர் சொன்னதற்கு, "எனக்கு என்ன சார், நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் சிகரெட் பற்றவைத்தான். வீட்டுக்கு வந்ததும் மாமியார் ஆரம்பித்தாள்.

"கண்ட ஆம்பளைங்களோட ஒரே கார்ல நாள் பூரா சுத்தறவளுக்கு வராம, என் பையனுக்கா வரும்?"

அவன் தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. அதை அவள் பெருந்தன்மை என்று நினைத்தாள். தன்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளாமல் வைத்திருக்கிறானே என்று அவனிடம் நன்றியோடு இருந்தாள். அவன் சட்டைக்குப் பொத்தான் தைக்கும்போதுகூட அந்த நன்றியோடு தைத்தாள். இன்றைக்கும் எல்லாவற்றையும்விட அவள் வயிறு பற்றி எரிவது அதை நினைத்துத்தான்.

மாத்திரை விஷயத்தில் அவள் கறாராக இருந்தாள். மாலையில் கடைசி வகுப்பு முடிந்ததும் ஒன்று. காய்ச்சலானாலும் சரி, கல்யாண வீடானாலும் சரி, மாத்திரை மாத்திரைதான். சில வருஷத்துக்குள் ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. சிகிச்சைப் பிரிவின் டாக்டர் அம்மாவே முகம் மலர்ந்து, "இப்படியே போட்டுட்டு இருந்தீங்கன்னா குழந்தைகூடப் பெத்துக்கலாம். குழந்தைக்கு வராமப் பாத்துக்கலாம். வீட்டுக்காரரை மட்டும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க" என்றாள். அந்த வார்த்தையை அவள் வீடு வரைக்கும் நெஞ்சில் பொத்திக்கொண்டு வந்தாள். புருஷன், "வேலை தலைக்கு மேல கிடக்கு, அடுத்த மாசம் பாக்கலாம்" என்றான். அந்த அடுத்த மாசம் வரவே இல்லை. குழந்தையும் இல்லை.

போன வருஷம் அவனுக்கு உடம்பு இளைக்க ஆரம்பித்தது. ஓயாத இருமல். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. அவள் கெஞ்சிப் பார்த்தாள், ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றான். பிறகு என்ன நடந்ததென்று தெரியவில்லை, மெல்ல மெல்லத் தேறினான். கன்னத்தில் சதை வந்தது. "சிகரெட்டை விட்டான் பாரு, அதான்" என்று மாமியார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

அவன் தேறத் தேற இவள் வாடினாள். முதலில் இடுப்பைச் சுற்றி அக்கி வந்தது. பிறகு நாக்கில் வெள்ளை படிந்தது. காய்ச்சல் வந்து போய், மறுபடி வந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வைரஸ் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

அங்கே கவுன்சிலர் ஒரு இளைஞன். இஸ்திரி கலையாத சட்டை, எப்போதும் அவசரம்.

"அக்கா, மறைக்காம சொல்லுங்க. எத்தனை நாள் மாத்திரையை விட்டீங்க?"

"ஒரு நாள்கூட விடல தம்பி."

"இங்க வர்ற எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

"டப்பாவைக் கொண்டாந்திருக்கேன். மிச்சத்தை எண்ணிப் பாருங்க."

எண்ணிப் பார்த்தான். கணக்குச் சரியாக இருந்தது. "சரியாத்தான் இருக்கு. ஆனா வீட்ல குப்பையில போட்டுட்டுக்கூடச் சரியாக் கொண்டு வரலாம்ல?" என்று சிரித்தான்.

வெளியில் வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால் அவள் பேச்சில் அவன் காது கருகியிருக்கும். ஆனால் மருந்து அவர்கள் கையில் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டாள். அடுத்தடுத்த மாதங்களிலும் கூப்பிட்டு உட்கார வைத்து, சிரிக்கிற மாத்திரைப் படம் போட்ட அட்டையைக் காட்டிச் சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்கள். குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று சொன்ன அதே டாக்டர் அம்மாவும், "உங்க உசுரு, உங்க இஷ்டம். நாங்க என்ன பண்ண முடியும்?" என்று கையை விரித்துவிட்டாள்.

நாலு பேர் திரும்பத் திரும்பச் சொன்னால் யாருக்கும் மனசு தடுமாறத்தானே செய்யும்? அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மாத்திரையை விழுங்கிவிட்டு, விழுங்கினேனா என்று யோசிப்பாள். போனில் ஒன்றுக்கு இரண்டாக அலாரம் வைத்தாள். தன் கண்ணையே, கையையே நம்பாமல் போனாள். தலைசுற்றல் அதிகமானதும் முதலாளி, "கொஞ்ச நாள் ஆபீஸ்லயே உட்காருங்கம்மா. வண்டியில ஏதாவது ஆயிட்டா யாரு பதில் சொல்றது?" என்றார். வண்டி கையை விட்டுப் போனது. புதிதாகச் சேர வருகிறவர்களிடம் போட்டோ வாங்கி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் இன்னொரு பயிற்சியாளர் லீவு போட்டதால் மாலை வகுப்புக்கு அவளை அனுப்பினார்கள். கற்றுக்கொள்ள வந்தவள் வங்கியில் வேலை பார்க்கிற அம்மாள். பாலத்தின் மேல் போக்குவரத்து அடைத்து நின்றது. அலாரம் அடித்தது. மாத்திரையைக் கையில் எடுத்தாள். தண்ணீர் பாட்டில் காலி. வறண்ட வாயோடு விழுங்கப் பார்த்தாள், தொண்டையில் சிக்கிக்கொண்டது. வேறு வழியில்லாமல் வாய்க்குக் கொண்டுவந்து கடித்தாள்.

அந்த மாத்திரையை முன்னாலும் ஒரு தடவை கடித்திருக்கிறாள். மறுநாள் வரைக்கும் நாக்கில் நின்ற கசப்பு. அதற்குத் தயாராக முகத்தைச் சுளித்துக்கொண்டு காத்திருந்தாள். கசப்பு வரவில்லை. மாவு மாவாகக் கரைந்தது. சுவரைச் சுரண்டித் தின்ற மாதிரி, வெறும் சுண்ணாம்பு.

"அக்கா, முன்னாடி வண்டி நகருது. போகவா?"

"போங்க."

குறுக்கே புகுந்த ஒரு பைக்கை அக்காவின் கால் அன்றைக்குக் கவனிக்கவில்லை. வங்கி அம்மாளே பிரேக் போட்டாள். போட்டுவிட்டு, பாராட்டுக்காகத் திரும்பிப் பார்த்தாள். அக்கா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு டப்பாவைக் கட்டிலில் கொட்டினாள். எல்லாம் வெள்ளை, எல்லாம் நீளவாக்கு. விளக்குக்கு அடியில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். சிலதில் எழுத்து பொறித்திருந்தது. சிலதில் எழுத்து இல்லை, நடுவில் ஒரு கோடு மட்டும். இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போனது? ஆஸ்பத்திரியில் அடிக்கடி கம்பெனியை மாற்றுவார்கள். ஒருமுறை உருண்டை வரும், ஒருமுறை நீளம் வரும். கேட்டால், "உள்ள இருக்கிற மருந்து ஒண்ணுதான், சாப்பிடுங்க" என்பார்கள். தவிர, வருஷக்கணக்காகப் போடுகிற மாத்திரையை யார் உற்றுப் பார்த்துப் போடுகிறார்கள்?

கோடு போட்ட மாத்திரையை இந்த வீட்டில் வேறெங்கோ பார்த்த நினைவு. சமையலறைக்குப் போனாள். உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் மாமியாரின் மூட்டு வலிக்குக் கொடுத்த கால்சியம் மாத்திரை இருந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தாள். அதே சுண்ணாம்பு.

மாமியார் இவளுக்கு விஷம் வைக்கிறவள் இல்லை. வாயால் கொல்வதே அவளுக்குப் போதும். தவிர, மாத்திரையை அடையாளம் பார்த்துப் பொறுக்குகிற அளவுக்கு அவளுக்குக் கண்ணும் தெரியாது. அப்படியென்றால்? இளைத்துப் போய், ஆஸ்பத்திரிக்கே போகாமல் தேறியவன் யார்?

புருஷன் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். அவள் போய் டிவியை அணைத்தாள். மேஜைமேல் இரண்டு குவியலாகக் கொட்டினாள்.

"இது என் மருந்து. இது உங்கம்மா மூட்டு வலி மாத்திரை. என் டப்பாவுக்குள்ள இது எப்படி வந்துச்சு?"

அவன் முகமே சொல்லிவிட்டது.

மாமியார் உள்ளேயிருந்து வந்தாள். "என்னடி அது, வீட்டுக்கு வந்ததும் வராததுமா? அவனே வேலை முடிச்சு அலுத்துப்போய் வந்திருக்கான்."

"அத்தை, கொஞ்சம் இருங்க. உங்க பையன் என் மாத்திரையைத் திருடித் தின்னிருக்கார். எதுக்குன்னு கேளுங்க."

"அவனுக்கு எதுக்குடி அந்த மாத்திரை?"

கேட்டவளுக்கே மெதுவாகத்தான் புரிந்தது. கையைப் பின்னால் நீட்டி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். ஆனாலும் விடவில்லை. "நீ அவனுக்கு ஒட்ட வச்சிருக்கே" என்றாள்.

மருமகள் புருஷனை நோக்கித் திரும்பினாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டு வந்தாள். சண்டையில்கூட மாற்றியதில்லை.

"சொல்லு. உங்கம்மா கேக்கறாங்கல்ல. நான் ஒட்ட வச்சேனா? நீ சொல்லு."

அந்த 'நீ'யில் அவன் நிமிர்ந்தான்.

"கல்யாணத்துக்கு முன்னாடி, வெளியூர்ல வேலை பாத்தப்போ..." என்று ஆரம்பித்தான். "சந்தேகம் இருந்துச்சு. டெஸ்ட் எடுக்க பயம். போன வருஷம் உடம்பு ரொம்ப மோசமானப்போ, வேற பேர்ல ஒரு லேப்ல எடுத்தேன்."

"எடுத்துட்டு?"

"உன் டப்பா இருந்துச்சு. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் எடுத்தேன். மீதி உனக்கு இருக்கட்டும்னுதான்..."

"மீதி எனக்கு இருக்கட்டும்னு!" அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை. "எவ்வளவு நல்ல மனசு. ஏன், ஆஸ்பத்திரிக்கு வந்தா உனக்கும் அதே மருந்தைச் சும்மாதானே குடுக்கறாங்க? ஏன் வரல?"

"அந்த வரிசையில போய் என்னால நிக்க முடியாது. யாராவது பாத்துட்டா?"

"நான் நின்னேனே!"

அவள் கத்தியது பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். "நான் நின்னேனே! உனக்கும் சேத்து நான் நின்னேன்டா! அங்க ஒரு பொடிப்பய என்னைக் குப்பையில மாத்திரையைப் போடறவள்னு சொன்னான். உங்கம்மா என்னை என்னவெல்லாம் சொன்னாங்க. எல்லாம் தெரிஞ்சுகிட்டே நீ தட்டைப் பாத்துச் சாப்பிட்டே. ஒரு குழந்தைக்காக ஒரே ஒரு தடவை என்கூட வான்னு எத்தனை தடவை கெஞ்சினேன்? நாக்குல வெள்ளை பூத்து நான் சோறு இறங்காம கிடந்தப்போ பக்கத்துலதானேடா படுத்திருந்தே?"

அவன் அழுதான். அவன் அழுகையைப் பார்த்து அவளுக்கு மனசு இளகவில்லை. அழுகிறானே, இப்போது நான்தான் சமாதானம் செய்ய வேண்டுமா என்று இன்னும் கோபம்தான் வந்தது.

மறுநாள் காலை முதலாளியிடம் சொல்லிப் பயிற்சி வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். அவனுக்கும் ஓட்டத் தெரியும். அவனை ஓட்டும் இருக்கையில் ஏறச் சொன்னாள்.

"நானா?"

"நீதான். நான் இழுத்துட்டுப் போனேன்னு நாளைக்குச் சொல்லக் கூடாது. உன் கையாலயே ஓட்டிட்டு வா."

கடைத்தெரு முக்கு வரை ஒழுங்காக வந்தான். ஆஸ்பத்திரிக்கு வலதுபக்கம் திரும்ப வேண்டும். அவன் இடதுபக்கம் ஒடித்தான். அவள் தன் காலடியில் இருந்த பிரேக்கை ஓங்கி மிதித்தாள். வண்டி நடுரோட்டில் குலுங்கி நின்றது. பின்னால் ஹாரன் சத்தம் கிளம்பியது. அவன் ஆக்சிலரேட்டரை அழுத்தினான், அவள் கிளட்சை மிதித்தாள். எஞ்சின் உறுமியதே தவிர வண்டி நகரவில்லை. போக்குவரத்துக் காவலர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"என்னம்மா, நடுரோட்ல என்ன பண்றீங்க?"

"பழக்கறேன் சார். இவருக்கு வலது எது இடது எதுன்னு தெரியல."

"இந்த வயசுலயா?" என்று தலையில் அடித்துக்கொண்டு காவலர் மற்ற வண்டிகளை நிறுத்தி வழிவிட்டார். அவன் வலதுபக்கம் திருப்பினான்.

வரிசையில் நின்றதும் கைக்குட்டையை எடுத்து முகத்தில் கட்டிக்கொண்டான். அவள் தடுக்கவில்லை. "கட்டிக்க. நானும் ஆரம்பத்துல கட்டினேன்" என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே போய்ச் சுண்ணாம்பு மாத்திரைகளைக் கவுன்சிலரின் மேஜையில் கொட்டி நடந்ததைச் சொன்னாள். அவன் டாக்டர் அம்மாவைக் கூப்பிட்டான். "அடப்பாவமே, இப்படியும் நடக்குமா?" என்றாள் டாக்டர் அம்மா. "மருந்து பாதி பாதியாப் போனா வைரஸ் சாகாது. அந்த மருந்தைத் தாங்கிக்கக் கத்துக்கும். இனிமே உங்க ரெண்டு பேருக்குமே பழைய மருந்து கேக்குமான்னு தெரியல. டெஸ்ட் அனுப்பறேன்."

"அதை அப்புறம் அனுப்புங்க. முதல்ல இந்தத் தம்பி என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். நீங்களும்."

"அம்மா, எங்க வேலையில நாங்க சந்தேகப்பட்டுத்தான்..." என்று இழுத்தாள் டாக்டர் அம்மா.

"சந்தேகப்படுங்க. நான் சொன்னது நெஜமா இருக்குமோன்னும் ஒரு தடவை சந்தேகப்பட்டிருக்கலாம்ல? உங்க வீட்ல யாரு இருக்கா, அவங்களுக்கு டெஸ்ட் ஆச்சா, மாத்திரையை வேற யாராவது தொடறாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? சிரிக்கிற மாத்திரைப் படத்தைக் காட்டினீங்க."

கதவு திறந்தே இருந்தது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கவுன்சிலர் எழுந்து நின்று, "தப்புதான் அக்கா. மன்னிச்சுக்கங்க" என்றான். டாக்டர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை.

சோதனை முடிவு பயந்த மாதிரியே வந்தது. பழைய மருந்து இரண்டு பேருக்கும் வேலை செய்யாது. ஒரு மாத்திரை போய்க் காலையும் மாலையும் போட வேண்டிய பெரிய பெரிய மாத்திரைகள் வந்தன. முதல் சில வாரம் குமட்டலும் வயிற்றுப்போக்கும் அவளைப் பிழிந்து எடுத்துவிட்டன. அதைப் பயிற்சிப் பள்ளிக்கு மேல் மாடியில் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையில் தனியாகப் பட்டாள். அந்த வீட்டுக்கு அவள் திரும்பிப் போகவில்லை. மருந்து டப்பாவைப் பூட்டி வைக்க ஒரு அலமாரி வாங்கினாள், சாவி எப்போதும் அவளிடமே இருந்தது.

உடம்பு தேறியது. காய்ச்சல் நின்றது. முதலாளி மறுபடி வண்டியைக் கொடுத்தார். ஆறேழு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் அவள் ரத்தத்தில் வைரஸ் பழையபடி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. சொல்லும்போது கவுன்சிலருக்கே கண் கலங்கியது. அவன் இப்போது எல்லோரிடமும் வீட்டில் இருக்கிறவர்களைப் பற்றி முதலில் கேட்கிறான்.

"ஆனா உங்க வீட்டுக்காரருக்குத்தான் இறங்கவே இல்ல" என்றாள் டாக்டர் அம்மா. "மாத்திரையை விட்டு விட்டுப் போடறார் போல. வேலைக்குப் போற இடத்துல யாராவது பாத்துடுவாங்கன்னு பயப்படறார். நீங்க கொஞ்சம் கூடவே இருந்து பாத்துக்கக் கூடாதா? பொண்டாட்டி பக்கத்துல இருந்து ஞாபகப்படுத்தினா ஆம்பளைங்க ஒழுங்காப் போடுவாங்க."

அவள் டாக்டர் அம்மாவுக்கு நேராகத் திரும்பினாள்.

"என் மாத்திரையை யாரு பாத்துக்கிட்டாங்க மேடம்?"

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா..."

"அவர் மாத்திரைக்கு நான் காவலா? என் மாத்திரையைக் காவல் காக்கத் தெரியாமத்தான் இந்த கதி. இன்னும் எத்தனை வேலைதான் என் தலையில கட்டுவீங்க? அவருக்கு அம்மா இருக்காங்க. கூப்பிட்டு உட்கார வச்சு சொல்லுங்க. அவங்களுக்கும் தெரியட்டும், இது எந்தக் கார்ல வந்துச்சுன்னு."

மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வெளியேறினாள்.

அதன் பிறகு மாமியாரை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்துப் பேசினார்கள் என்று கவுன்சிலர் சொல்லிக் கேள்விப்பட்டாள். அதற்குமேல் அவள் விசாரிக்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு காலை, பயிற்சிப் பள்ளி வாசலில் மாமியார் நின்றுகொண்டிருந்தாள். மூட்டு வலியோடு அவ்வளவு தூரம் நடந்தே வந்திருந்தாள். உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார்கள். உட்காரவில்லை.

"அவன் இப்ப ஒழுங்காப் போடறான். வாயைத் திறக்கச் சொல்லி நானே பாக்கறேன். ரத்தத்துலயும் குறைஞ்சிருக்குன்னு சொன்னாங்க."

"நல்லது அத்தை."

"உனக்கு உடம்பு?"

"நல்லா இருக்கேன்."

மாமியார் பையின் காதை முறுக்கிக்கொண்டே நின்றாள். "அன்னைக்கு நான்... அந்தக் காரு, ஆம்பளைங்கன்னு ஏதோ பேசினது..."

"ம். முழுசாச் சொல்லுங்க அத்தை."

மாமியாரின் வாய் திறந்து மூடியது. கண்ணில் நீர் முட்டியது. "எல்லாம் நம்ம தலையெழுத்து" என்று கடைசியில் சொன்னாள்.

"தலையெழுத்து இல்ல. நீங்க சொன்னது. சொல்ல முடியும்போது வாங்க, கேக்கறேன்."

உள்ளே முதல் வகுப்புக்கு வந்த ஒருவன் சீட் பெல்ட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தான். அவள் மாமியாருக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு, வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள்.